ஏழை சர்டிபிகேட்

சாப்பிட்டு முடித்தவர்கள் திருப்தியாக ஏப்பம் விட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் புரட்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஏப்பம் விட்டதற்காகப் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். என் மனைவி இதைக் கிறுக்கு என்பாள். கிறுக்குத்தான். ஆனால் அது யாரிடமிருந்து பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் காலேஜில் சேரப் போன வருஷத்தில், ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடமிருந்து பிடித்தது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் கடத்தூருக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமி. அங்கிருந்து தருமபுரிக்குப் போய், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு ஹைஸ்கூல் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். அதற்கு மேல் சேலத்தில் இன்டர்மீடியட் படிக்க வேண்டுமென்றால் சம்பளம் கட்ட வேண்டும். காலேஜுக்குக் கட்டுகிற பணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம். அப்பனுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை. மழை பெய்தால் ராகியும் கொள்ளும் அவரையும் விளையும். பெய்யாவிட்டால் கோரைப்புல்தான். அந்தக் கொல்லையை வைத்துக்கொண்டு காலேஜ் வாசலை எட்டிப் பார்ப்பதற்கே வழியில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்களைப் போன்ற குடியானவர் வீட்டுப் பிள்ளைகளில் மார்க் வாங்கிய ஏழைகளுக்கு முழுச் சம்பளத்தையும் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும். மார்க் இருந்தது. ஏழை என்பதற்குத் தாலுகா கச்சேரியிலிருந்து ஒரு சர்டிபிகேட் வேண்டும். அது இருந்தால் நான் சேலத்துக்கு ரயில் ஏறலாம். இல்லாவிட்டால் அப்பனுக்குப் பின்னால் ஏர் பிடிக்க வேண்டியதுதான். ஹெட்மாஸ்டர் ஃபாரத்தைக் கையில் கொடுத்து, "உன் சட்டையப் பாத்தாலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்க, போ" என்றார்.

சட்டையைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள்.

ஒரு நாள் காலையில் தலையாரி வந்து வாசலில் நின்றுகொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வருகிறார் என்று சொன்னார். ஆத்தா கேட்ட முதல் கேள்வி என் சர்டிபிகேட்டைப் பற்றியது அல்ல.

"ஏனுங்க, அவரு நம்ம கையில சாப்புடறவருங்களா?"

"சாப்புடுவாரு சாப்புடுவாரு. நல்லாவே சாப்புடுவாரு" என்றார் தலையாரி.

அவ்வளவுதான். அந்த நிமிஷமே எங்கள் வீட்டில் என் படிப்பு பின்னால் போய்விட்டது. அதிகாரி வருகிறார், சாப்பிடுகிறவர் வருகிறார், என்ன போடுவது? எங்கள் பக்கத்தில் தினசரி ஆகாரம் ராகிக்களி. அரிசி ஆக்கினால் அதற்கு நெல்லுச்சோறு என்று தனிப்பெயர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்ப்போம். ஆனால் பெரிய மனுஷர் ஒருவர் வாசல் ஏறி வந்தால் அவருக்கு நெல்லுச்சோறு போடாமல் அனுப்புவது என்பது எங்கள் ஜனங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். வந்தவருக்குக் களி போட்ட வீடு என்று பேர் வந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் யோசிக்கும்.

ஆத்தா மூன்று நாள் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாள். மணியக்காரர் வீட்டில் ரெண்டு படி அரிசி இரவல் வாங்கினாள். மேலத்தெருவில் ஒரு கலயம் நெய். மாமன் வீட்டிலிருந்து பித்தளைத் தாம்பாளம், சொம்பு, லோட்டா. முட்டையிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒற்றைக் கோழியையும் அடித்தாகிவிட்டது. அதிகாரியைத் தரையில் உட்கார வைக்கலாமா என்று அப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தோம். தலையில் வைத்துத் தூக்கி வந்தது யார்? நான்தான். ஜியாமெட்ரியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மேதாவி. நாம் ஏழை என்று நிரூபிக்கப் போகிறோம், அதற்கு எதற்கடா நாற்காலி என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஆள் வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் பவுடர். நாற்காலி அவருடைய எடைக்கு முனகியது. உட்கார்ந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சி, "கோழியா?" என்றார்.

"ஆமாங்க சாமி" என்று அப்பன் கை கட்டிக்கொண்டு சிரித்தார்.

இலை போட்டோம். அவர் சாப்பிட்டதை நான் சொல்லாமல் விடப் போவதில்லை. சோற்றில் குழி பறித்து நெய்யை வாங்கினார். விரல் இடுக்கில் வழிந்ததை நக்கினார். எலும்பை உறிஞ்சி இலைக்கு வெளியே, ஆத்தா சாணம் மெழுகி வைத்த தரையில், ஒவ்வொன்றாகத் துப்பினார். மூன்றாம் முறை சோறு கேட்டார். சாப்பிட்டுக்கொண்டே விசாரணையும் நடத்தினார். விசாரணை என்றே எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

"நெய்யி வாசமா இருக்குதே, நம்ம வூட்டு நெய்யாம்மா?"

ஆத்தா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆமாங்க சாமி, நம்ம எருமைதானுங்க" என்றாள்.

எங்கள் எருமை செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அரிசி?"

"எல்லாம் நம்மளுதுதானுங்க. நீங்க வெக்கப்படாம சாப்புடுங்க" என்றார் அப்பன்.

இலையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் இது இரவல் சோறு என்று சொல்வதுண்டா? சொன்னால் அவருக்குத் தொண்டையில் இறங்குமா? எங்கள் ஊரில் எவனும் சொல்லமாட்டான். சொல்லாததற்குப் பொய் என்றும் பெயரில்லை. ஆனால் அந்த மனுஷரின் பையில், எங்கள் நிலத்தில் என்ன விளைகிறது என்று எழுதிய அடங்கல் நகல் இருந்தது. மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லையில் நெல் விளையாது என்று ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கா தெரியாது? தெரிந்துதான் கேட்டார். தெரிந்துதான் தலையை ஆட்டிக்கொண்டார்.

கை கழுவினார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். கோழியும் நெய்யும் கலந்த அந்த வாடை நின்றுகொண்டிருந்த என் முகத்தில் வந்து அடித்தது. பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, மிச்சமிருக்கிற நெய்யை அதில் ஊற்றித் தரச் சொன்னார். ஊற்றிக் கொடுத்தோம். "ஒண்ணும் கவலப்படாதீங்க. உள்ளத உள்ளபடி எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பன் தெருமுனை வரை கூடப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு அன்றைக்கே காலேஜில் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்துத் தாலுகா கச்சேரிக்கு நடந்து போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, கொஞ்சம் இரக்கமுள்ள மனுஷர், கட்டைப் பிரித்து என் காகிதத்தைத் தேடி எடுத்தார். படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"மேற்படி மனுதாரர் குடும்பம் நெல் அரிசிச் சாதமும் நெய்யும் மாமிசமும் புசித்து சௌக்கியமாய் ஜீவிப்பதாய் நேரில் கண்டறியப்பட்டது. வீட்டில் பித்தளைப் பாத்திரங்களும் நாற்காலியும் உள்ளன. கறவை எருமை உண்டு. ஏழை என்று கருத இடமில்லை."

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை. வேறு யாருடைய காகிதமோ என்றுதான் நினைத்தேன். பிறகு கோழி ஞாபகம் வந்தது, நெய்க்குப்பி ஞாபகம் வந்தது. அடப் பாவி! தின்ற சோற்றையே சாட்சியாக எழுதியிருக்கிறான். எங்கள் சோறு அவன் வயிற்றுக்குள் ஜீரணமாகிக்கொண்டிருக்கும்போதே எழுதியிருப்பான்.

கச்சேரிக்கு வெளியே புளியமரத்தடியில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நேரே போய், "ஏனுங்க இப்படி எழுதுனீங்க?" என்று கேட்டேன். குரல் அழுகிற மாதிரி வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் முகத்தில் துளி மாற்றம் இல்லை. "நான் பாத்ததத்தான எழுதுனேன் தம்பி? இல்லாதது எதாச்சும் எழுதுனனா, சொல்லு" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறைப் புளியமரத்து வேரில் துப்பினார். என் வாயிலும் எச்சில் ஊறி நின்றது. துப்பியிருக்க வேண்டும். விழுங்கிவிட்டேன். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போகவேயில்லை.

குமாஸ்தா என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "அவருகிட்ட மல்லுக்கட்டாத. மேல்மனு எழுதிக் குடு. டிப்டி தாசில்தாரு நேர்ல வருவாரு, நல்ல மனுசன். காலேஜு சேர எத்தன நாள் இருக்குது?"

"பதினெட்டு நாளுங்க."

"அப்ப இன்னைக்கே குடு. இந்த வாட்டியாச்சும் இருக்கறபடி இருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆத்தா மட்டும் புரியாமல் என்னையே பார்த்தாள்.

"சோறு போட்டதுக்கா இல்லைன்னுட்டாரு?"

"ஆமா. சோறு போட்டதுக்குத்தான்."

"அவரு தின்னாரே!"

"தின்னுட்டுத்தான் எழுதியிருக்கான்."

"தூ, தின்ன எலையில பேண்டுட்டுப் போற சாதியா அது" என்று ஆத்தா சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்கு எஜமானன் ஆகிவிட்டேன். இனி யார் வந்தாலும் பாய் கிடையாது, சோறு கிடையாது, மோர் கிடையாது என்று சட்டம் போட்டேன். கிழிசல் புடவையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆத்தாவிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "தண்ணி?" என்று கேட்டாள்.

"தண்ணியும் கெடையாது."

"ஏன்டா, வெயில்ல வர்றவங்களுக்குத் தண்ணிகூடவா குடுக்காம இருப்பாங்க? மண் கலயத்துல குடுக்கறேன்டா. பித்தளை வேண்டாம்."

"நீ தண்ணியோட நிப்பியா? தண்ணி குடிச்சா ஒக்காரச் சொல்லுவ. ஒக்காந்தா அவரைக்காயாச்சும் பறிச்சுக் குடுப்ப. அதையும் எழுதிக்குவாங்க. எனக்குத் தெரியாதா உன்ன?"

நான் சொன்னதில் தப்பில்லை. அவள் தண்ணீரோடு நிற்கமாட்டாள். ஆனால் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, எடுத்தெறிந்து, விரலை நீட்டிக்கொண்டு, அது அந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கே பொருத்தமான விதம்.

டிப்டி தாசில்தார் ஒரு வாரத்தில் வந்தார். சைக்கிளில் வந்தார், தலையாரி கூட ஓடி வந்தார். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. வாசலில் பாய் இல்லாததைப் பார்த்துவிட்டு, வேப்பமர நிழலில் நின்றபடியே அப்பனிடம் விசாரித்தார். எத்தனை ஏக்கர், போன வருஷம் எத்தனை மூட்டை, ஆடு மாடு எத்தனை உருப்படி. அப்பன் உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு குறைவான நேரம் பிடிக்கிறது என்று நான் ஆச்சரியப்பட்டேன். அவர் குனிந்து வீட்டுக்குள் வந்தார். கூரையில் வானம் தெரிகிற இடத்தை அண்ணாந்து பார்த்தார். "இங்க மழை பேஞ்சா எங்க படுப்பீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோதே சர்டிபிகேட் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவர் கிளம்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வெளியே வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

ஆத்தா கதவருகில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரெண்டு அடி தூரத்தில் பானை. காலையில்தான் ஊர்க்கிணற்றிலிருந்து கொண்டு வந்து ஊற்றியிருந்தாள். நிறைந்து, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். லேசாகத்தான் ஆட்டினேன்.

"தண்ணி... இல்லீங்க சாமி" என்றாள்.

அவர் பானையைப் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. "பரவால்லம்மா" என்றார். தலையாரி அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டுப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததையும், அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்ததையும், ரெண்டாவது சொம்பு கேட்டதையும் எங்கள் வாசலில் நின்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் எவளோ ஆத்தாவைப் பார்த்து, "பானையில தண்ணி இருந்தா நம்ம வூட்டுக்கும் ஒரு கொடம் அனுப்புங்க" என்றாளாம். ஆத்தா குடத்தை நிரப்பாமல் திரும்பி வந்தாள்.

சர்டிபிகேட் வந்தது. காலேஜ் சேரக் கடைசி நாளுக்கு நாலு நாள் முன்னால். தலையாரி கொண்டுவந்து கொடுத்தபோது நான் வாசலில் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆத்தா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்குது? படி" என்றாள்.

அது இங்கிலீஷில் இருந்தது. நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நல்ல குடும்பம், கஷ்டப்படுகிற குடும்பம், பையன் கெட்டிக்காரன் என்று சொன்னால் அவளுக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் எனக்கு என் இங்கிலீஷைக் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நிலம் இவ்வளவு, விளைச்சல் இவ்வளவு, கூரை பிரிந்திருக்கிறது. "வந்தவர் தாகத்துக்குக் கேட்டபோது தண்ணீரும் கொடுக்க இயலாத நிலையில் இக்குடும்பம் உள்ளது. முழுச் சம்பளச் சலுகைக்குத் தகுதி உண்டு." அந்தக் கடைசி வரியில் என் குரல் உயர்ந்தது. ஜெயித்துவிட்டேன் அல்லவா!

ஆத்தா அந்தக் காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத அங்க காலேஜுல எல்லாரும் படிப்பாங்களா?"

"ஆபீசுல படிப்பாங்க."

"இது ஒரு தடவதானா? அடுத்த வருசமும் வருவாங்களா?"

"வருவாங்க. வருசா வருசம் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க."

"அப்ப அன்னைக்கு நான் வூட்டுல இருக்கமாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "நீயே வந்து இருந்து சொல்லிக்க."

மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் போனேன். சேர்ந்தேன், படித்தேன், ஒரு காசு சம்பளம் கட்டவில்லை. அடுத்த வருஷம் விசாரணைக்கு ஆள் வருகிறது என்று அப்பன் கார்டு போட்டிருந்தார். லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். நான் வந்த அன்று காலையில், ஆத்தா கதிர் அறுக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அறுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இந்த முறை வந்தவர் புதியவர், இளவயது. குடை வைத்திருந்தார். தோளில் மாட்டிய பையில் தண்ணீர் நிறைந்த ஃப்ளாஸ்க் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. பேனாவை மூடிப் பையில் வைக்கப் போனார். அதற்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. போன வருஷம் எழுதியதைப் போல இவர் எழுதாமல் விட்டுவிட்டால்?

நானாகவே ஓர் அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "குடிக்கத் தண்ணிகூட இல்லீங்க சாமி" என்றேன்.

அவர் தண்ணீர் கேட்கவே இல்லை.